புதுச் செயின் மாட்டிய பின் தொடங்கிய வழுக்கல்: மணவாளக்குறிச்சிக் கடலோரச் சைக்கிள் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மணவாளக்குறிச்சிப் பக்கத்தில் வசிக்கும் பள்ளி ஆசிரியை ஒருவரின் கியர் சைக்கிள், பழைய செயினைக் கழற்றிவிட்டுப் புதுச் செயின் மாட்டிய பிறகு, முன்பு இல்லாத அளவுக்கு வழுக்கத் தொடங்கியது. தேய்ந்ததை எடுத்துப் புதியதைப் பொருத்தினால் குறை தீர வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றும் நியாயம். இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு. செயினும், பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கான கேசட்டும் ஒன்றையொன்று எப்படித் தேய்க்கின்றன என்பது தெரிந்தால் இதில் வியப்பு ஏதும் இல்லை. தெரியாவிட்டால், புதுச் செயின் கெட்டது என்று இன்னொரு செயின் வாங்கி, அதிலும் அதே வழுக்கலைக் கண்டு, சைக்கிளையே ஓரமாகச் சாய்த்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் கடலோர ஊர்களில் ஓடும் சைக்கிள்களுக்கு இந்தக் கோளாறு உள்நாட்டுச் சைக்கிள்களைவிட விரைவில் வந்து சேர்வதால், இந்த ஒரு வண்டியில் கண்டதையும் வீட்டிலேயே செய்து முடித்த சீரமைப்பையும் விவரமாகப் பதிவுசெய்கிறேன்.

வண்டியும் அதன் பாதையும்

முன்னால் 48, 38, 28 பற்கள் கொண்ட மூன்று சக்கரங்களும், பின்னால் 11, 13, 15, 18, 21, 24, 28, 32 பற்கள் கொண்ட எட்டுச் சக்கரங்களை அடுக்கிய கேசட்டும் உள்ள வண்டி அது. செயினில் 114 கண்ணிகள். ஆசிரியை மணவாளக்குறிச்சியிலிருந்து கடியபட்டணம், முட்டம் வழியாகக் கடற்கரைச் சாலையிலேயே ராஜாக்கமங்கலம் பக்கம் வேலைக்குப் போய்வருகிறார். விடுமுறை நாள்களில் தக்கலை, குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை வரை போவதும் உண்டு. கடற்கரைச் சாலையில் கோடை முழுவதும் காற்று மணலை வாரித் தாரின்மேல் போடுகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவத்தின் சாரலும், ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தின் மழையும் ஆக, ஆண்டில் இரண்டு முறை இந்த மாவட்டம் நனைகிறது. இவற்றோடு, மழையே இல்லாத நாளிலும் காற்றில் கலந்து வந்து இரும்பின்மேல் படியும் உப்பு.

பராமரிப்பு இல்லாமல் விடப்பட்ட வண்டி இது என்று எண்ணிவிடக் கூடாது. ஞாயிறுதோறும் செயினுக்கு எண்ணெய் விடப்பட்டிருக்கிறது. அதுவும் தாராளமாக, வீட்டுத் தேங்காய் எண்ணெய். மாதம் ஒருமுறை இருசக்கர வாகனங்களுக்கு வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் அழுத்தத் தண்ணீரால் கழுவப்பட்டிருக்கிறது. செய்யப்படாதவை இரண்டு: எண்ணெய் விடும் முன்னும் பின்னும் செயினைத் துடைக்கவில்லை, செயினின் நீளத்தை ஒருமுறைகூட அளக்கவில்லை.

முறையீடு

“அண்ணே, செயின மாத்துனதுக்குப் பொறவுதான் சவுட்டும்போ காலு வழுக்குது. பழசுல இப்படி இல்ல” என்பதே ஆசிரியை சொன்னது. முட்டம் கலங்கரை விளக்கத்தை நோக்கி ஏறும் மேட்டில், இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தபோது கால் சட்டென்று வெறுமையில் இறங்கி, கைப்பிடிமேல் சாய்ந்திருக்கிறார். விழவில்லை, ஆனாலும் எதிரே வண்டி வரும் ஒரு சாலையில் இது விளையாட்டல்ல. செயின் மாற்றிய கடையில் மீண்டும் காட்டியதற்கு, கியர் கேபிளை இறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். வழுக்கல் குறையவில்லை.

‘வழுக்குகிறது’ என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் குறைந்தது நான்கு வெவ்வேறு கோளாறுகள் இருக்கலாம் என்பதால், எதையும் கழற்றுவதற்கு முன் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலாவது, கேபிள் இழுப்பு சரியில்லாமல் செயின் பக்கத்துச் சக்கரத்துக்குத் தாவ முயல்வது. அப்படியானால் கடகடவென்ற உரசல் ஒலி தொடர்ந்து கேட்கும். பின்னாலிருந்து பார்த்தால், செயினைச் சக்கரம் விட்டுச் சக்கரம் நகர்த்தும் டீரெய்லரின் மேல் குட்டிச் சக்கரம், செயின் ஓடும் பல்சக்கரத்துக்கு நேர்கீழே இராமல் விலகி நிற்கும். இந்த வண்டியில் அது நேராகவே நின்றது.

இரண்டாவது, செயினில் ஒரு கண்ணி மட்டும் மடங்காமல் விறைத்திருப்பது. புதுச் செயினை இணைக்கும்போது பின்னை அளவுக்கு மேல் அழுத்திவிட்டால் இது நேரும். அந்தக் கண்ணி சுற்றிவரும்போதெல்லாம் ஒரு துள்ளல் தெரியும் என்பதால், துள்ளலுக்கு ஓர் ஒழுங்கு இருக்கும்: 114 கண்ணிச் செயின் 38 பல் சக்கரத்தில் ஓடினால், பெடல் மூன்று சுற்றுச் சுற்றும்போது செயின் ஒரு முழுச் சுற்று வரும்; ஆகவே மூன்று சுற்றுக்கு ஒருமுறை துள்ள வேண்டும். பெடலைக் கையால் பின்னோக்கி மெதுவாகச் சுற்றி, டீரெய்லரின் குட்டிச் சக்கரங்களைக் கடக்கும் ஒவ்வொரு கண்ணியையும் கவனித்தேன். எல்லாம் இதமாக மடங்கின.

மூன்றாவது, கேசட் ஏறி அமரும் ஃப்ரீஹப்பின் உள்ளே இருக்கும் பிடிப்பற்கள் தேய்ந்து விடுவது. இதைக் கண்டுபிடிக்க ஒரு தெளிவான வழி இருக்கிறது. ஒரே இழுவிசையில், பெரிய பல்சக்கரத்தில் செயின் ஓடும்போதுதான் ஃப்ரீஹப்பின் மேல் திருகுவிசை அதிகம் விழுகிறது. ஏனெனில் அச்சிலிருந்து செயின் இருக்கும் தூரம் அங்கே கூடுதல். பிடிப்பற்கள் பலவீனமாக இருந்தால் 28, 32 பல் சக்கரங்களில்தான் முதலில் நழுவ வேண்டும். பின் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, பெடலைத் தரைக்கு இணையாக நிறுத்தி, அதன்மேல் உடல் எடையை மெல்ல ஏற்றிப் பார்த்தேன். 32, 28, 24 ஆகியவற்றில் எந்த நழுவலும் இல்லை. 21-இலும் இல்லை. 18-க்கு மாற்றி எடையை ஏற்றியதும் ‘டக்’ என்று ஒரு பல் தாவியது. 15-இல் அரை எடைக்கே தாவியது. 13-இல் முழு எடைக்குத் தாவியது; 11-இல் தாவவில்லை.

எந்தச் சக்கரங்கள் அதிகம் ஓடினவோ அவை மட்டும் வழுக்குகின்றன, அரிதாக ஓடியவை உறுதியாகப் பிடிக்கின்றன என்றால், மிஞ்சுவது நான்காவது காரணம்தான்: பல் தேய்மானம். சமதளக் கடற்கரைச் சாலையில் முன்பக்கத்து நடுச் சக்கரத்தோடு 15-உம் 18-உம் சேர்ந்துதான் அவருடைய அன்றாடப் பயணத்தின் பெரும்பகுதி.

அளவுகோல் சொன்னது

நல்லவேளையாக, கழற்றிய பழைய செயினை ஆசிரியை ஒரு பையில் போட்டு வைத்திருந்தார். அது இல்லாவிட்டால் இந்த ஆய்வில் பாதி ஊகமாகவே முடிந்திருக்கும்.

எல்லாச் சைக்கிள் செயினுக்கும் ஒரு பின்னின் நடுவிலிருந்து அடுத்த பின்னின் நடுவுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். செயினை ஆணியில் தொங்கவிட்டு, இரும்பு ஸ்கேலின் சுழியை ஒரு பின்னின் நடுவில் வைத்தால், 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் நடுப்புள்ளி வந்து நிற்கும். 1/16 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் தேய்மானம் ஏறத்தாழ 0.5 விழுக்காடு; 1/8 அங்குலம் தள்ளிப் போயிருந்தால் 1 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. எட்டு, ஒன்பது, பத்துக் கியர் வண்டிகளில் 0.75-ஐ எட்டும்போது செயினை மாற்றிவிட வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு கியர் வண்டிகளில் 0.5-இலேயே மாற்ற வேண்டும். இதற்கென விற்கும் செயின் செக்கர் கருவி வேலையை எளிதாக்கும் என்றாலும், பிள்ளைகளின் ஜியாமெட்ரி பெட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்கேலைத் தவிர வேறு எந்த நல்ல ஸ்கேலும் போதும்.

பழைய செயினில் பின், 1/8 அங்குலக் கோட்டையும் தாண்டி நின்றது. புதுச் செயினில் 12-ஆம் கோட்டின்மேல் துல்லியமாக நின்றது.

செயின் ‘இழுபட்டு’ நீண்டுவிட்டதாக நாம் பேசிக்கொண்டாலும், தகடு இழுபடுவதில்லை. உள்தகட்டின் துளை விளிம்பும் அதற்குள் திரும்பும் பின்னும் ஒன்றையொன்று உரசித் தேய்கின்றன. ஒரு விழுக்காடு என்பது கண்ணிக்குச் சராசரியாக 0.127 மி.மீ.தான், தலைமயிர் ஒன்றின் பருமனைவிடச் சற்றுக் கூடுதல். ஆனால் செயின் முழுவதும் சேர்ந்தால் ஒரு கண்ணியின் நீளத்தைவிட அதிகம் கூடிவிடுகிறது. பழைய செயினையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம் பார்த்து வெட்டக் கூடாது, கண்ணிகளை எண்ணித்தான் வெட்ட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இப்படி நீண்ட செயின், பல்சக்கரத்தில் தன் பழைய இடத்தில் அமர்வதில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள தூரம் மாறாதிருக்க, உருளைக்கும் உருளைக்கும் இடையே உள்ள தூரம் கூடிவிட்டதால், உருளைகள் பள்ளத்தின் அடியை விட்டுப் பல்லின் சரிவில் ஏறி அமர்கின்றன. பல பற்கள் பகிர்ந்து சுமக்க வேண்டிய பாரம் ஓரிரு பற்களின்மேல் விழுகிறது. நாளடைவில் அந்தச் சரிவு குடையப்பட்டு, பல் ஒரு பக்கம் சாய்ந்த கொக்கிபோல் ஆகிறது. பழைய செயின் அந்தக் கொக்கிக்கு ஏற்ற நீளத்தில் தானும் தேய்ந்திருப்பதால் ஓட்டுபவருக்கு எந்தக் குறையும் தெரிவதில்லை. சரியான நீளமுள்ள புதுச் செயின் வந்ததும்தான் கணக்கு வெளிப்படுகிறது: கீழிருந்து ஏறும் உருளை கொக்கியின் முனையில் தட்டிப் பள்ளத்துக்குள் இறங்க முடியாமல் பல்லின் தலையிலேயே நிற்க, மேல்பக்கம் இழுவிசை விழுந்த கணம் செயின் தாவிவிடுகிறது. ஆசிரியையின் காலுக்குக் கீழே நடந்தது இதுதான். புதுச் செயின் குற்றமற்றது. பழைய செயினை நெடுநாள் விட்டுவைத்ததற்கான விலையைக் கேசட் கொடுத்திருக்கிறது.

தேய்த்தது எது?

பழைய செயினை அகன்ற வாய் உள்ள ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, மூடி குலுக்கி, இரவு முழுவதும் அசையாமல் வைத்தேன். காலையில் மேலே தேநீர் நிறத்தில் எண்ணெயும் அடியில் ஒரு விரல்நகம் உயரத்துக்குச் சேறும் தங்கியிருந்தன. எண்ணெயை வடித்துவிட்டு, சேற்றை இன்னொருமுறை அலசி, வெள்ளைக் காகிதத்தில் பரப்பி வெயிலில் உலர்த்தினால், அது சேறாக இல்லை. கன்னங்கரேலென்று மினுங்கும் மணிகள், அவற்றுக்கிடையே மாதுளை முத்தின் நிறத்தில் சிறு சிவப்பு மணிகள், கொஞ்சம் நிறமற்ற பளிங்குத் துகள், எல்லாவற்றையும் போர்த்திய மாவு போன்ற கரும்பொடி. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் காகிதத்துக்கு அடியில் நகர்த்தியபோது அந்தக் கரும்பொடி எழுந்து நின்று கூடவே ஊர்ந்தது. அது பெரும்பாலும் செயினும் பற்களும் இழந்த எஃகு. சிவப்பு மணிகள் அசையவில்லை.

மணவாளக்குறிச்சி மணலை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் ஆகிய கனிமங்கள் செறிந்த மணல் அது. அதைப் பிரித்தெடுக்கவே மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனத்தின் ஆலை அங்கே இயங்குகிறது. அவற்றில் சிவப்பாகத் தெரியும் கார்னெட்டைத்தான் தச்சர்கள் பயன்படுத்தும் உப்புத்தாளில் தேய்பொருளாக ஒட்டுகிறார்கள். சிர்கானும் ஏறத்தாழ அதே அளவு கடினமானது. இப்படிப்பட்ட மணல் செயினின் மேல் விழுந்தால் உலர்ந்த நிலையில் பெரும்பாலும் உதிர்ந்துபோகும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதன்மேல் மறுபடி எண்ணெய் விட்டால், எண்ணெய் அந்த மணலைப் பின்னுக்கும் தகட்டுக்கும் நடுவே கொண்டுபோய்ச் சேர்க்கும். ஞாயிறுதோறும் அக்கறையோடு நடந்த காரியம் இதுவாகத்தான் இருந்தது என்பதை ஆசிரியையிடம் சொல்வது எளிதாக இல்லை. ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் செயின் காய்ந்து கிடப்பதைவிட மணலோடு குழைந்து கிடப்பது அதற்கு அதிகக் கேடு.

தேங்காய் எண்ணெய் குறித்தும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் கைக்கு எட்டும் எண்ணெய் அதுதான் என்பதால் கதவுக் கீல் முதல் கிணற்றுக் கப்பி வரை எல்லாவற்றுக்கும் அதையே விடுகிறோம். ஆளி விதை எண்ணெய்போல அது விரைவில் பிசினாக இறுகுவதில்லை என்பது உண்மை. ஆனால் 24 டிகிரி செல்சியஸ் அளவில் உறையக்கூடியது. மார்கழி விடியலில் குப்பிக்குள் வெள்ளையாகக் கட்டிநிற்பதை எல்லாரும் கண்டிருக்கிறோம். அந்த நிலையில் அது பின்னுக்குள் இறங்காது. நாள்பட்டால் சிக்கடித்து அமிலத்தன்மை கூடும். உப்புக் காற்றில் இரும்புக்கு அது நல்லதல்ல. செயினுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. பைக்கிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலையும் வேண்டாம் என்பேன்; இன்ஜின் தேய்ந்த உலோகத் துகளும் கரியும் அதிலேயே மிதக்கின்றன. கிரீஸ் தடவுவது மணலுக்கு விரித்துவைத்த பாய்.

கேசட்டைக் கழற்றியது

கழற்றுவதற்கு முன் உறுதிசெய்ய வேண்டிய ஒன்று: பின்னால் இருப்பது கேசட்டா, திருகி மாட்டும் ஃப்ரீவீலா? ஏழு கியர் வண்டிகளில் பலவற்றில் இருப்பது ஃப்ரீவீல்தான். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கழற்றும் முறை வேறு. சக்கரத்தைக் கழற்றிக் கையில் பிடித்து, பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். நடுவில் கருவி நுழையும் வரிப்பள்ளம் பல்சக்கரங்களோடு சேர்ந்து சுற்றினால் அது கேசட். அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். இங்கே சேர்ந்து சுற்றியது.

தேவைப்பட்ட கருவிகள் மூன்று: கேசட்டை இறுக்கிப் பிடிக்கும் லாக் ரிங்கைத் திறக்கும் வரிப்பல் கருவி, அதைத் திருப்ப ஒரு ஸ்பேனர், பல்சக்கரங்கள் சுற்றிவிடாமல் பிடித்துவைக்கும் செயின் விப். முதல் கருவியை வாங்கத்தான் வேண்டும். செயின் விப்பைச் செய்துகொள்ளலாம்: ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான பட்டை இரும்பின் முனையில் துளையிட்டு, கழித்த பழைய செயினில் ஒரு முழத்தை போல்ட் போட்டு இணைத்தால் போதும். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எந்த வெல்டிங் பட்டறையிலும் சில நிமிட வேலை. இந்த வண்டியின் பழைய செயினே அதற்குப் பயன்பட்டது.

கேசட் நம்மை நோக்கி இருக்குமாறு சக்கரத்தை நிறுத்தி, செயின் விப்பை நடுச் சக்கரம் ஒன்றில் சுற்றி வலப்புறமாக, அதாவது கடிகார முள் செல்லும் திசையில், பிடித்துக்கொண்டு, லாக் ரிங் கருவியை இடப்புறமாகத் திருப்ப வேண்டும். முதல் அசைவில் ‘கரக்’ என்று உடைவது போன்ற ஒலி வரும். லாக் ரிங்கின் அடியில் உள்ள வரிகள் விடுபடும் ஒலிதான் அது, பயப்பட வேண்டியதில்லை. கருவி நழுவினால் விரல் பல்லில் போய் மோதும் என்பதால் கையுறையோ தடித்த துணியோ கட்டாயம். லாக் ரிங் வந்ததும் 11 பல் சக்கரம் தனியாக வரும். பிறகு ஓரிரு சக்கரங்களும் இடைவளையங்களும். மீதி அனைத்தும் நீண்ட ஆணிகளால் பிணைத்த ஒரே கட்டாக வந்தன. வந்த வரிசையிலேயே, வந்த முகம் மேலே இருக்க, செய்தித்தாளின்மேல் அடுக்கிவைத்தால் மாட்டும்போது குழப்பம் இராது. ஃப்ரீஹப்பின் வரிகளில் ஒன்று மட்டும் அளவில் வேறுபட்டிருப்பதால் சக்கரங்களைத் தவறான கோணத்தில் மாட்ட முடியாது.

ஃப்ரீஹப்பை மட்டும் மண்ணெண்ணெயில் நனைக்கக் கூடாது. துணியால் துடைத்தால் போதும். உள்ளே இருக்கும் பிடிப்பற்களுக்கும் பேரிங்குக்கும் உயிரான கிரீஸை மண்ணெண்ணெய் கரைத்துவிடும். வாட்டர் சர்வீஸின் அழுத்தத் தண்ணீரை ஹப்பின் பக்கம் காட்டக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். ஆசிரியையிடம் அதை அன்றோடு நிறுத்தச் சொன்னேன். இந்த ஃப்ரீஹப் எஃகால் ஆனது. வரிகளில் வெட்டு விழாமல் நன்றாக இருந்தது. சுற்றினால் சீரான ஒலி.

கழுவித் துடைத்த பல்சக்கரங்களை வெளிச்சத்தில் வரிசையாகப் பார்த்தபோது சந்தேகம் முற்றிலும் நீங்கியது. 32-இன் பற்கள் இருபுறமும் சமச் சரிவோடு இருந்தன. 18-இல் ஒரு பக்கச் சரிவு செங்குத்தாகியிருந்தது. 15-இல் அது உள்நோக்கிக் குடைந்து, பல்லின் முனை சுறாவின் முதுகுத் துடுப்பாகச் சாய்ந்திருந்தது; நகத்தால் வருடினால் ஓரத்தில் பிசிறு தட்டியது. கேசட்டுகளில் கியர் மாற வசதியாகச் சில பற்களைத் தொழிற்சாலையிலேயே குட்டையாகவும் சாய்வாகவும் வெட்டுகிறார்கள். அவற்றைத் தேய்மானம் என்று எண்ணி நல்ல கேசட்டைத் தூக்கியெறிபவர்கள் உண்டு. வேறுபாடு இதுதான்: அப்படி வெட்டிய பற்கள் ஒரு சக்கரத்தில் சில இடங்களில் மட்டும் இருக்கும், தேய்மானம் எல்லாப் பல்லிலும் ஒரே பக்கம் இருக்கும்.

மாற்று வழிகள் மூன்றை ஆசிரியையிடம் வைத்தேன். பழைய செயினையே திரும்ப மாட்டி, இரண்டும் சேர்ந்து சாகும் வரை ஓட்டலாம். செலவில்லை, ஆனால் அதற்குள் முன் சக்கரங்களின் பற்களும் போய்விடும், அவை இன்னும் நன்றாகவே இருந்தன. தேய்ந்த சக்கரங்களை மட்டும் மாற்றலாம் என்றால், 15-உம் 18-உம் ஆணியடித்த கட்டுக்குள் இருந்தன. தனியாகக் கிடைப்பதும் அரிது. மூன்றாவது, புதுக் கேசட். அவர் மூன்றாவதைத் தேர்ந்தார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. செயின் ஏற்கெனவே புதியது. அதை ஒரு தேய்ந்த கேசட்டின்மேல் ஓடவிட்டு வீணாக்குவதில் பொருளில்லை.

ஃப்ரீஹப்பின் வரிகளிலும் லாக் ரிங்கின் மரையிலும் கிரீஸை மெல்லிதாகத் தடவித்தான் புதுக் கேசட்டை ஏற்றினேன். செயினுக்கு ஆகாத கிரீஸ் இங்கே அவசியம். இல்லாவிட்டால் உப்புக் காற்றில் துருப்பிடித்து, அடுத்த முறை கழற்றும்போது லாக் ரிங் அசையாது. லாக் ரிங்கின்மேலேயே 40 நியூட்டன் மீட்டர் என்று பொறித்திருக்கும். திருகுவிசை ஸ்பேனர் இல்லாத வீட்டில், 30 செ.மீ. நீளக் கைப்பிடியின் முனையில் ஏறத்தாழ 13.6 கிலோ எடைக்குரிய அழுத்தம் என்று கொள்ளலாம். அரிசிப் பையைத் தூக்கிப் பழகிய கைக்கு அது எவ்வளவு என்று தெரியும். அதன்பின் கியர்கள் வரிசையாக ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்து, கேபிள் முனையிலுள்ள திருகைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி ஒழுங்குபடுத்தியதோடு வேலை முடிந்தது. பிரேக்கைப் பிடித்துச் செய்த அதே சோதனையில் எட்டுச் சக்கரங்களும் பிடித்தன.

கழுவிய மண்ணெண்ணெயை முற்றத்தில் கொட்டவில்லை. வீட்டுக்கு வீடு கிணறு உள்ள ஊர்களில் அதை நினைக்கவும் கூடாது. மூடிய குப்பியில் தெளியவைத்து, மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு எடுத்துவைத்தேன்.

கடலோரத்துக்கு ஏற்ற பராமரிப்பு

இந்த வண்டிக்கு நான் வகுத்துக் கொடுத்த முறையில் எண்ணெய்க்கு இரண்டாம் இடம்தான். முதலிடம் துணிக்கு. ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும் உலர்ந்த பருத்தித் துணியால் செயினைச் சுற்றிப் பிடித்து, பெடலைப் பின்னோக்கிச் சில சுற்றுகள் சுற்றிவிட வேண்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. சாரலில் நனைந்து வந்த நாளில், வாளியிலிருந்து நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பை அலசி, துடைத்து, காற்றில் நன்றாக உலர்த்திய பிறகு எண்ணெய். உலராத செயினில் விடும் எண்ணெய் தண்ணீரை உள்ளே அடைத்துவைக்கும்.

எண்ணெயாக, சைக்கிள் செயினுக்கென்றே விற்கும் மழைக்கால வகையைச் சொன்னேன். கிடைக்காதபோது தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை. மெல்லியது என்பதால் விரைவில் கழுவிப்போகும், அடிக்கடி விட வேண்டும். செயினின் உட்பக்கம், உருளை ஒவ்வொன்றின் மேலும் ஒரே ஒரு சொட்டு. பெடலைச் சிறிது நேரம் சுற்றி, இரவு முழுவதும் விட்டு, காலையில் வெளிப்பக்கத்தை முழுவதுமாகத் துடைத்துவிட வேண்டும். தொட்டுப் பார்த்தால் விரலில் கறை லேசாகத்தான் ஒட்ட வேண்டும். வெளித்தகட்டின்மேல் பளபளக்கும் எண்ணெயால் எந்தப் பயனும் இல்லை, தேய்வது உள்ளே.

உருக்கிய மெழுகில் செயினை முக்கியெடுக்கும் முறையைப் பற்றி ஆசிரியையே கேட்டார். மணல் ஒட்டாது என்பதால் இந்தச் சாலைக்கு அது கோடையில் மிகப் பொருத்தமானதுதான். ஆனால் செயினை ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும்; மெழுகை நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும் என்பதால் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்துத்தான் உருக்க வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, ஆடிச் சாரலில் நனைந்த மெழுகுச் செயினை ஒரு இரவு கவனிக்காமல் விட்டால் காலையில் துரு பூத்திருக்கும். தினமும் வேலைக்குப் போகும் ஒருவருக்கு, ஆண்டில் பாதி மழை பார்க்கும் இந்த மாவட்டத்தில், எண்ணெயே ஏற்றது என்பது என் முடிவு.

மாதம் ஒருமுறை ஸ்கேல். 1/16 அங்குலத்தைத் தொட்டதும் அடுத்த செயினை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 3/32-ஐ எட்டும் முன் மாட்டிவிட வேண்டும். செயினின் விலை கேசட்டைவிடக் குறைவு, மாற்றுவதும் குயிக் லிங்க் எனும் பிரித்து மாட்டும் இணைப்புக் கண்ணி இருந்தால் எளிது. காலத்தில் மாற்றினால் ஒரே கேசட்டில் பல செயின்கள் ஓடும்.

பின்தொடர்வு

பங்குனியில் சீரமைத்த வண்டி, கோடைக் காற்றையும் தென்மேற்குப் பருவத்தையும் கடந்து, புரட்டாசியில் மீண்டும் என்னிடம் வந்தது. இடையில் ஒருமுறைகூட வழுக்கவில்லை. பேச்சிப்பாறை ஏற்றத்திலும் நின்று மிதித்துப் பார்த்ததாக ஆசிரியை சொன்னார். செயினை அளந்தபோது பின் 12 அங்குலக் கோட்டிலிருந்து நகர்ந்திருந்தது உண்மை, ஆனால் 1/16-இல் பாதியைக்கூட எட்டவில்லை. கேசட்டின் 15 பல் சக்கரத்தில் சரிவுகள் இருபுறமும் சமமாகவே இருந்தன. துணியில் படிந்ததைப் பார்த்தால் மணல் இப்போதும் வருகிறது; பின்னுக்குள் போவதற்கு முன்பே துடைக்கப்படுகிறது.

கவனிக்க வேண்டியவையாக இரண்டைக் குறித்துக் கொடுத்தேன். குயிக் லிங்க்கின் வெளித்தகட்டில் லேசான துரு தொடங்கியிருக்கிறது. வடகிழக்குப் பருவம் முடிந்ததும் கழற்றிப் பார்க்க வேண்டும். டீரெய்லரின் கீழ்க் குட்டிச் சக்கரம் பழைய செயினின் காலத்திலேயே பல் கூர்ந்து, அச்சில் ஆட்டமும் கண்டிருக்கிறது. இப்போதைக்கு அதனால் தொல்லை இல்லை என்பதால் அடுத்த செயினோடு சேர்த்து அதையும் மாற்றுவதாக முடிவு.